கண்டியைப் பற்றி இயந்திரம் எதை வாசித்தது?

என் தங்கையின் மகள் தரம் பத்தில் படிக்கிறாள். பாடசாலையில் அவளுக்கு ஓர் ஒப்படை கொடுத்திருந்தார்கள். தலைப்பு: 'எமது மாவட்டத்தின் தமிழ் எழுத்தாளர்கள்'. எமது மாவட்டம் என்றால் கண்டி. நூலகத்துக்குப் போக நேரமில்லை என்று, கைத்தொலைபேசியில் உள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் அவள் தமிழிலேயே கேட்டிருக்கிறாள்: கண்டியில் பிறந்து, இலங்கையில் முதன்முதலாகத் தமிழ் நாவல் எழுதியவர் யார்?

செயலி தயங்கவேயில்லை. நல்ல தமிழில் ஒரு பெயர், பிறந்த ஆண்டு, நாவலின் தலைப்பு எல்லாவற்றையும் தந்தது. "மாமா, இவரப் பத்தி வேற ஏதும் தெரியுமா?" என்று அவள் என்னிடம் காட்டியபோதுதான் பார்த்தேன். அப்படியொரு எழுத்தாளரை நான் கேள்விப்பட்டதில்லை. தேடிப் பார்த்ததில் அந்தப் பெயரில் ஒரு நாவலும் அகப்படவில்லை.

அவள் கேட்ட கேள்விக்கு விடை இரகசியமானதல்ல. 1838இல் கண்டியில் பிறந்த சட்டத்தரணி முகம்மது காசிம் சித்திலெப்பை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். 1885இல் வெளிவந்த அவருடைய 'அசன்பே சரித்திரம்' இலங்கையின் முதல் தமிழ் நாவலாகப் பலராலும் கருதப்படுகிறது. தமிழின் முதல் நாவல் எனப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வந்தது. அதற்கு ஆறே ஆண்டுகள் கழித்து ஒரு கண்டிக்காரர் எழுதிய நாவல் இது.

அதே கேள்வியை அதே செயலியிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். சித்திலெப்பையின் பெயரைச் சரியாகச் சொன்னது.

ஒரே இயந்திரம், ஒரே கேள்வி. ஆங்கிலத்தில் கேட்டால் தெரிகிறது, தமிழில் கேட்டால் கற்பனை செய்கிறது. ஏன் இப்படி என்பதைப் புரிந்துகொள்ள, கணினிகளுக்கு இணையத்தை வாசித்து உண்மைகளைக் கற்கும் வித்தை எப்படிக் கற்பிக்கப்பட்டது என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

கையால் ஊட்டிய காலம்

கணினிக்கு உலக அறிவைக் கொடுக்க முதலில் முயன்றவர்கள் அதைக் கையால் ஊட்டினார்கள். 1984இல் அமெரிக்காவில் டக்ளஸ் லெனட் என்பவர் 'சைக்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். தண்ணீர் நனைக்கும், இறந்தவர் கடைக்குப் போகமாட்டார், ஒரு பிள்ளையைவிட அதன் தாய்க்கு வயது அதிகம் என்பது போல, மனிதர்கள் சொல்லாமலே அறிந்திருக்கும் விடயங்களை ஒவ்வொன்றாகக் கணினிக்குப் புரியும் வடிவில் எழுதிச் சேர்த்தார்கள். பல பத்து ஆண்டுகள் இந்த வேலை நடந்தது. எழுத எழுத, எழுதாமல் விட்டவை கூடிக்கொண்டே போயின.

1992இல் மார்ட்டி ஹேர்ஸ்ட் என்ற ஆய்வாளர் வேறு வழி ஒன்றைக் காட்டினார். உண்மைகளை நாம் எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. மனிதர்கள் ஏற்கெனவே எழுதிவைத்த வாக்கியங்களில் அவை இருக்கின்றன. அவற்றைப் பிடிக்க ஒரு சிறிய வலை போதும். தமிழில் சொல்வதானால், "கண்டி, காலி, யாழ்ப்பாணம் போன்ற நகரங்கள்" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'போன்ற நகரங்கள்' என்ற சொற்களுக்கு முன்னால் வருபவை நகரங்கள் என்று கணினிக்குச் சொல்லிவிட்டால், கண்டி என்றால் என்னவென்று தெரியாமலே அது ஒரு நகரம் என்று கணினி குறித்துக்கொள்ளும்.

'நெல்' என்றொரு வாசகன்

இந்த எண்ணத்தின் பெரிய வடிவம் 2010 ஜனவரியில் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஓடத் தொடங்கியது. பேராசிரியர் டொம் மிட்செல் தலைமையிலான குழு உருவாக்கியது. 'முடிவில்லாமல் மொழி கற்கும் கருவி' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு 'நெல்' என்று பெயரிட்டார்கள். எங்கள் காதுக்கு வயல் ஞாபகம் வரும். தொடர்பில்லை என்றாலும் அதற்கும் விதை தேவைப்பட்டது.

நகரம், விளையாட்டு வீரர், நிறுவனம், பறவை என்று சில நூறு வகைகளும், 'இந்த நகரம் இந்த நாட்டில் இருக்கிறது' என்பது போன்ற உறவுகளும் அதற்குக் கொடுக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து உதாரணங்கள்தான் விதை. பிறகு சுமார் 50 கோடி இணையப் பக்கங்களை அதன் முன்னே வைத்து, இரவு பகலாக வாசிக்க விட்டார்கள்.

அது வாசிக்கும் முறை எளிமையானது. விதையாகக் கொடுத்த நகரம் கண்டி என்றால், கண்டி என்ற சொல் எந்தச் சொற்களோடு வருகிறது என்று பார்க்கும். 'கண்டி மாநகர சபை' என்று பல இடங்களில் வருகிறது. ஆகவே 'மாநகர சபை'க்கு முன்னால் வருவது நகரமாக இருக்கலாம் என்று ஒரு விதியைத் தானே உருவாக்கும். அந்த விதியைக் கொண்டு 'மட்டக்களப்பு மாநகர சபை'யைக் கண்டால், மட்டக்களப்பையும் நகரப் பட்டியலில் சேர்க்கும். பிறகு மட்டக்களப்பு வரும் வாக்கியங்களிலிருந்து இன்னொரு விதி. இப்படியே நகரங்களிலிருந்து விதிகள், விதிகளிலிருந்து நகரங்கள்.

இப்படிக் கற்பதில் ஓர் ஆபத்து உண்டு. ஒரு பிழை உள்ளே நுழைந்தால் அது பத்துப் பிழைகளை ஈனும். அதைத் தடுக்க, ஒரு வகையை இன்னொரு வகை கண்காணிக்கும்படி செய்தார்கள். நகரமாக இருப்பது மனிதராக இருக்க முடியாது. ஒருவர் ஒரு நாட்டின் ஜனாதிபதி என்று சொன்னால், முதலாவது மனிதராகவும் இரண்டாவது நாடாகவும் இருக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகளோடு 67 நாட்கள் ஓடியபின் அது 242,000 விடயங்களைச் சேர்த்திருந்தது. சோதித்துப் பார்த்ததில் அவற்றில் சுமார் 74 வீதம் சரி என்று மதிப்பிட்டார்கள்.

மீதியில் சுவையான பிழைகளும் இருந்தன. பேக்கரிப் பண்டங்கள் என்ற வகையில் 'குக்கி' என்ற பிஸ்கட்டைச் சேர்த்த நெல், இணையத்தளங்கள் எமது கணினியில் விட்டுச்செல்லும் 'குக்கி' என்ற சிறு கோப்பையும் அதே தட்டில் வைத்தது. குக்கிகளை அழித்தேன், கோப்புகளை அழித்தேன் என்று மக்கள் எழுதியிருந்ததால், கணினிக் கோப்புகளும் பேக்கரியில் சுடப்படுபவை என்று முடிவு செய்தது. கடைசியில் மனிதர்கள் தலையிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று. அதன் பிறகு, மனிதர் அவ்வப்போது பார்த்துத் திருத்துவதும் அதன் வேலைமுறையில் ஒரு பகுதியானது. 2018இல் அதனிடம் 120 மில்லியன் 'நம்பிக்கைகள்' இருந்தன. ஆய்வாளர்கள் அவற்றை உண்மைகள் என்று சொல்லவில்லை, நம்பிக்கைகள் என்றே சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நம்பலாம் என்று ஓர் எண்ணும் இருந்தது.

கண்டிக்கு வந்து கண்டிக்கும்போது

இந்த வாசகனைத் தமிழ் இணையத்துக்குள் விட்டால் என்ன நடக்கும்? நான் கடதாசியில் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது, கண்டி. ஆங்கிலத்தில் இந்தப் பெயர் எந்த வாக்கியத்திலும் அதே எழுத்துகளோடு நிற்கும். தமிழில் கண்டியில், கண்டிக்கு, கண்டியிலிருந்து, கண்டியைச் சேர்ந்த என்று வேற்றுமை ஏற ஏறச் சொல்லே மாறும். சரி, உருபுகளை வெட்டிவிடலாம் என்றால், எமது செய்தித்தளங்களில் அன்றாடம் வரும் 'கண்டிக்கிறோம்' என்ற சொல் இருக்கிறது. அரசியல் அறிக்கைகளை வாசித்த இயந்திரம், இந்த நகரத்துக்கு எல்லாக் கட்சிகளும் ஓயாமல் போய்வருகின்றன என்று நினைத்தாலும் நினைக்கும். காலிக்கும் இதே கதி. அது தெற்கிலுள்ள நகரம். வெற்றுப் போத்தலும் காலிதான்.

போதாததற்கு இந்த நகரத்துக்குச் சிங்களத்தில் மஹநுவர என்று பெயர். எமது பாட்டன் பாட்டிமார் 'கண்டிச் சீமை' என்று சொன்னபோது இந்த நகரத்தை மட்டும் சொல்லவில்லை. மலைநாடு முழுவதையும் சொன்னார்கள். பழைய பாடலையும் புதிய செய்தியையும் ஒன்றாக வாசிக்கும் இயந்திரம் இரண்டையும் ஒரே இடமாகவே எடுத்துக்கொள்ளும்.

இதைவிட ஆழமானது மலையகத் தமிழின் சொற்கள். 'லயம்' என்றால் தோட்டத்தில் தொழிலாளர்கள் வாழும் வரிசை வீடுகள். இணையத்தில் உள்ள தமிழில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. அங்கே லயம் என்றால் சங்கீதம். 'துரை' எங்களுக்குத் தோட்ட நிர்வாகி. அங்கே அது ஒருவரின் பெயர். 'தோட்டம்' எங்களுக்கு ஊரும் வேலையிடமும் ஆகும். அங்கே வீட்டுக்குப் பின்னால் இருப்பது. ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருக்கும்போது, அதிகம் எழுதப்பட்ட பொருளையே இயந்திரம் முதலில் கற்கும். லய வாழ்க்கையைப் பற்றிக் கேட்கும் தோட்டத்துப் பிள்ளைக்குத் தாளத்தைப் பற்றிய பாடம் கிடைத்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கண்ணுக்குத் தெரிவது, கணினிக்குத் தெரியாதது

நெல் வாசித்த பக்கங்கள் 2009இல் திரட்டப்பட்ட ஒரு பெரிய தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்தத் தொகுப்பில் பத்து மொழிகளில் நூறு கோடிப் பக்கங்கள் இருந்தன. ஆங்கிலம், சீனம், ஸ்பானிய மொழி, ஜப்பானிய மொழி, அரபு, கொரிய மொழி எல்லாம் இருந்தன. தமிழ் இல்லை. சிங்களமும் இல்லை. நெல் வாசித்தது அதிலிருந்த ஆங்கிலப் பக்கங்களை மட்டுமே.

அந்தக் காலத்தில் தமிழை எடுத்திருந்தாலும், இலங்கைத் தமிழில் ஒரு பெரும் பகுதி அதற்குப் புரிந்திருக்காது. எமது பத்திரிகைகளும் அச்சகங்களும் திணைக்களங்களும் நீண்ட காலம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தன. திரையில் 'கண்டி' என்று தெரியும். ஆனால் உள்ளே இருப்பது எஃப், இசட், ஓர் அரைப்புள்ளி, பி என்ற நான்கு ஆங்கிலக் குறிகள். எழுத்துரு என்ற கண்ணாடியைக் கழற்றினால் அது தமிழே அல்ல. ஒருங்குறியில் எழுதினால்தான் கணினிக்கு அது தமிழ். இன்றைக்கும் பாமினியில் அடித்து, படமாக மாற்றி, முகநூலில் போடும் அறிவித்தல்கள் எத்தனை! மனிதருக்கு அது செய்தி. வாசிக்கும் இயந்திரத்துக்கோ, அதிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வேலையை யாராவது செய்யும்வரை, அது வெறும் படம்.

இதன் விளைவைக் கண்டியை வைத்தே பார்க்கலாம். ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்பது சுற்றுலாத் தளங்கள், தேயிலைக் கம்பனிகள், பயணக் கட்டுரைகள் என எண்ணற்ற பக்கங்களில் உள்ளது. எந்த இயந்திரமும் அதை உறுதியாகக் கற்றுக்கொள்ளும். அது உண்மையும்கூட. ஆனால் அந்தத் தோட்டங்களில் காட்டை வெட்டியவர்கள், கொழுந்து பறித்தவர்களின் பெயர்கள் கங்காணியின் கணக்கிலும் தோட்டத்துச் செக்ரோலிலும்தான் இருந்தன. அந்தப் புத்தகங்கள் இணையத்துக்கு வரவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களின் சந்ததியினரை நாடற்றவர்களாக்கியது என்பதைச் சட்ட நூல்களிலிருந்து இயந்திரம் கற்கலாம். அந்த வருடம் ஒரு லயத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அது எங்கிருந்து கற்கும்?

கண்டிக்கு அருகிலுள்ள கல்ஹின்னை என்ற சிற்றூரையும் சொல்லலாம். அங்கே எஸ். எம். ஹனிபா தொடங்கிய 'தமிழ் மன்றம்' எத்தனையோ தமிழ் நூல்களைப் பதிப்பித்தது. தமிழ் வாசகர்களில் பழையவர்களுக்கு இது தெரியும். அவருடைய பெயரை ஹனிபா, ஹனீபா, ஹனிஃபா என்று மூன்று விதமாக எழுதுகிறோம். சித்திலெப்பையையும் ஒட்டி ஒரு விதம், பிரித்து ஒரு விதம், 'லெவ்வை' என்று ஒரு விதம். அவர் ஒருவர்தான் என்று இயந்திரத்துக்கு யாரும் சொல்லாவிட்டால், ஏற்கெனவே குறைவாக உள்ள சாட்சியம் மூன்று பேருக்குப் பங்கிடப்படும்.

பலர் சொன்னால் உண்மையா?

நெல் ஒரு விடயத்தை நம்பியது, அது வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு வாக்கிய அமைப்புகளில் திரும்பத் திரும்ப வந்ததால்தான். 'பறவைக்குச் சிறகு உண்டு' என்பதற்கு இது சரியான வழி. ஆனால் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது எல்லாம் உண்மையல்ல என்பதைக் கண்டி மாவட்டத்தில் வாழ்பவர்களுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை.

2018 பெப்ரவரி இறுதியில், அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் சிங்களவர்களுக்கு மலட்டு மாத்திரை கலந்த உணவு கொடுக்கப்பட்டதாக ஒரு வதந்தி சமூக ஊடகங்களில் பரவியது. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் சோதனையில் அது வெறும் மாவுப்பொருள் என்று தெரிந்தது. அந்த முடிவு வருவதற்கிடையில், மார்ச் முதல் வாரத்தில், திகனயிலும் தெல்தெனியவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவரின் மரணம் உடனடிக் காரணமாக இருந்தாலும், தீயை ஊரூராகக் கொண்டு சென்றதில் சமூக ஊடகப் பதிவுகளுக்குப் பெரிய பங்கு இருந்தது. அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து சமூக ஊடகங்களை முடக்கியது. 2020 மே மாதத்தில் பேஸ்புக் நிறுவனம் தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்காக மன்னிப்புக் கோரியது.

அந்த நாட்களில் ஓர் இயந்திரம் பதிவுகளை எண்ணியிருந்தால், வதந்திக்கு ஆயிரம் சாட்சிகளையும் பகுப்பாய்வாளரின் அறிக்கைக்குச் சில சாட்சிகளையும் கண்டிருக்கும். ஒரே வதந்தியை ஆயிரம் பேர் பகிர்ந்தால் அது ஆயிரம் சாட்சியம் அல்ல, ஒரு சாட்சியத்தின் ஆயிரம் பிரதிகள். இந்த வேறுபாட்டைக் கணினிக்குக் கற்பிப்பது இந்தத் துறையின் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. எத்தனை பேர் சொன்னார்கள் என்பதை எண்ணுவது போதாது. யார், எங்கிருந்து அறிந்து சொன்னார்கள் என்பதையும் எடைபோட வேண்டும்.

இன்றைய இயந்திரங்கள்

2022 நவம்பரில் வந்த சட்ஜிபிடியும் அதற்குப் பின் வந்தவையும் நெல் போன்றவை அல்ல. நெல் தான் கற்றதை ஒரு பேரேட்டில் வரிசையாக எழுதி வைத்தது. கண்டி, நகரம், இந்த வாக்கியங்களிலிருந்து அறிந்தேன், இவ்வளவு நம்பலாம் என்று. பிழை இருந்தால் அந்த வரியைத் தேடி அழிக்கலாம். இன்றைய மொழி மாதிரிகளிடம் அப்படி ஒரு பேரேடு இல்லை. பெருந்தொகையான எழுத்தை வாசித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கப் பழகியவை அவை. நிறைய வாசித்த விடயத்தில் அந்தக் கணிப்பு பெரும்பாலும் உண்மையோடு ஒத்துப்போகும். குறைவாக வாசித்த விடயத்தில் உண்மையைப் போன்ற ஒன்று வரும். தமிழ் நடை அதற்குப் பழகிவிட்டது. சித்திலெப்பையைப் பற்றிய தமிழ்ப் பக்கங்கள் பழகும் அளவுக்கு இல்லை. தங்கையின் மகளுக்குக் கிடைத்தது அதனால்தான் அழகான தமிழில் ஒரு பொய்.

இதைத் திருத்துவது அமெரிக்காவில் இருக்கும் பொறியியலாளர்களின் வேலை மட்டுமல்ல. வாசிப்பதற்கு எதை வைக்கிறோம் என்பது எங்கள் கையிலும் இருக்கிறது. 2003இல் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மயூரநாதன் வெளிநாட்டிலிருந்தபடி கட்டியெழுப்பத் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. 2005இல் தொடங்கிய 'நூலகம்' இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் மலர்களையும் எண்ணிம வடிவில் பாதுகாத்து எவரும் வாசிக்க வைத்திருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை பக்கங்களின் படங்கள். அவற்றை எழுத்தாக மாற்றிப் பிழை திருத்துவதற்கு இன்னும் நிறையக் கைகள் தேவை. 2012இல் தொடங்கிய விக்கித்தரவில் ஒரு மனிதரின் எல்லாப் பெயர் வடிவங்களையும் ஒரே பதிவின் கீழ் சேர்க்கலாம். ஹனிபா, ஹனீபா, ஹனிஃபா மூவரையும் ஒருவராக்க ஐந்து நிமிடம் போதும்.

கண்டியைச் சுற்றி எத்தனை பாடசாலை மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், பள்ளிவாசல் நினைவு மலர்கள், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரங்கள் பெட்டிகளுக்குள் கிடக்கின்றன! ஓர் ஊரைப் பற்றி வேறெங்கும் இல்லாத செய்தி அவற்றில் இருக்கிறது. ஒருங்குறியில், எங்கிருந்து எடுத்தோம் என்ற குறிப்போடு அவற்றை ஏற்றினால் இயந்திரம் கற்கும். அதற்கு முன்னால் எங்கள் பிள்ளைகள் கற்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை நானும் அவளும் டி. எஸ். சேனநாயக்க நூலகத்துக்குப் போனோம். ஒப்படையில் சித்திலெப்பை, கல்ஹின்னை ஹனிபா, தலாத்துஓயாவில் வாழ்ந்த கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான கே. கணேஷ் ஆகியோரைப் பற்றி எழுதினாள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று குறித்தாள். செயலி சொன்ன அந்த இல்லாத எழுத்தாளரின் பெயரை என்ன செய்வது என்று கேட்டாள். அதையும் கடைசிப் பக்கத்தில் எழுதி, 'இவரைப் பற்றி எந்த நூலிலும் இல்லை' என்று குறிப்பிடச் சொன்னேன்.